சாலை திறக்கும் வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புயல் வருவது பல நாள் முன்பே தெரியும். தாழ்வான பகுதி மக்களைப் பள்ளிகளுக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் கொண்டுவந்தாயிற்று. விடிந்த பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. ஊர்ச் சாலைகளில் அடிக்கொரு மரம் கிடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. தாலுகா தலைமையிடத்தில் எவ்வளவு சாமான் இருந்தாலும், மரத்தை அறுக்காமல் அது கிராமத்துக்குள் போகாது.

கடலோர டெல்டா மாவட்டங்களில் பேரிடர்த் தயாரிப்பை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் ஒன்றரை நாள், சில ஊர்களில் மூன்று நாள், வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். அதுவரை தேவைப்படுவது எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை எடுத்து இயக்கத் தெரிந்த ஆளும் அங்கேயே இருக்க வேண்டும்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் உண்டு. அந்தத் திட்டப் புத்தகத்தில் சீக்கிரம் பழசாகிப்போவது தொலைபேசிப் பட்டியல்தான். அலுவலர்கள் மாறுதலாகிப் போகிறார்கள், ஊர்க்காரர்கள் சிம்மை மாற்றிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் நடுவிலேயே பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். எடுக்காத எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருவர் எண் வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 இரண்டையும் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெயின்டில் எழுதிவிடலாம். ஒட்டிய நோட்டீஸ் முதல் மழைக்கே கிழிந்துவிடும்.

ஆனால் புயல் கடந்த சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துவிடும். அதற்கு முன்பே ஒரு ஏற்பாடு பேசி வைத்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஏதோ ஒரு வழியில், சைக்கிளிலோ நடந்தோ, செய்தி வந்தாக வேண்டும். எந்த ஊரிலிருந்து வரவில்லையோ அங்கே முதல் குழுவை அனுப்ப வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடந்துவிடுகிறது. நிறைய புகார் வரும் ஊருக்கு முதலில் வண்டி போகிறது. ஆனால் அந்த ஊரில் போன் இன்னும் வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தப் புகார்கள் சொல்கின்றன.

மரம் அறுக்கும் மெஷின் குறுவட்டத்துக்கு, அதாவது ஒரு வருவாய் ஆய்வாளரின் கீழ் வரும் ஊர்களுக்கு, ஒன்றாவது வேண்டும். வாங்கி வைப்பதோடு வேலை முடிவதில்லை. பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓடும் இயந்திரம் அது. கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டரில் பிசின் படிந்து, வேண்டிய நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. ஒவ்வொரு முறை ஓட்டியபிறகும் டேங்கைக் காலி செய்து, மிச்சமிருப்பது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். மெஷினோடு இரண்டு மாற்றுச் செயின், உருண்டை அரம், ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் ஸ்பேனர் ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். விழுந்த தென்னையில் மணல் ஒட்டியிருக்கும், நாரும் கடினம். சில வெட்டிலேயே செயின் மழுங்கிவிடும். அரம் போடத் தெரிந்தவர் கூட இல்லாவிட்டால் மெஷின் அன்று மதியமே படுத்துவிடும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அடிமரத்தை அறுத்து பாரம் விடுபட்டதும் வேர்க்கட்டு சட்டென்று நிமிர்ந்து பழைய குழியில் உட்கார்ந்துவிடும். அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் கிட்டவே வரக் கூடாது. இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் செயின் இறுகிக்கொள்ளும். மேல்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். மின்கம்பி மேல் விழுந்த மரத்தை மின்வாரிய ஆள் வரும்வரை தொடவே கூடாது. ஊரில் கரண்ட் இல்லையே என்று தொடுகிறார்கள். யாரோ ஒரு வீட்டில் முறையாகப் பிரிக்காமல் இணைத்த ஜெனரேட்டர் அந்தக் கம்பிக்குள் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

தங்குமிடத்தில் கோளாறு பெரும்பாலும் சாவியிலிருந்து தொடங்கும். பள்ளிச் சாவி தலைமை ஆசிரியரிடம். அவர் வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி. மாற்றுச் சாவி ஒன்று தலையாரியிடமும் இன்னொன்று பள்ளிக்கு அடுத்த வீட்டிலும் இருக்க வேண்டும், இரண்டையும் செப்டம்பரிலேயே பூட்டில் போட்டுத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்ற அளவுகோலில் பத்துப் பேர்தான் படுக்க முடியும். புயல் இரவில் நாற்பது பேர் உட்கார்ந்து கழித்துவிடுவார்கள். இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால் காய்ச்சலும் சண்டையும் வரும். எனவே இரண்டாம் நாளுக்கான மாற்றுக் கட்டடம் எது என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். பெண்கள் தங்குமிடத்துக்கு வரத் தயங்குவதற்குக் கழிப்பறைதான் பெரிய காரணம். ஆரம்பத்தில் ஐம்பது பேருக்கு ஒன்று, நாள் நீண்டால் இருபது பேருக்கு ஒன்று என்று வேண்டும். கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வராமல் நிற்பதற்கு மாடும் ஒரு காரணம். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மேட்டு நிலம் ஒன்றை முன்பே காட்டி அங்கே மாடுகளை ஓட்டச் சொல்ல வேண்டும்; அதுவும் முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் கட்டிக் கிடக்கும் மாடு நீந்த வழியில்லாமல் செத்துப்போகும்.

குடிநீருக்கு ஊர் நம்பியிருப்பது மேல்நிலைத் தொட்டியை. மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பி வால்வை மூடிவிட வேண்டும். ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் என்றால் 30,000 லிட்டர் தொட்டி ஆயிரம் பேருக்கு இரண்டு நாள் தாங்கும். திறந்துவிட்டால் ஒரே காலையில் தீர்ந்துவிடும். அதனால் எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் திறப்பது என்பதைத் தொட்டி ஆபரேட்டரிடம் எழுதியே கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதானால் 5 எச்.பி. மோட்டாருக்கு 15 கே.வி.ஏ. திறனுள்ளதைப் பேசுவது நல்லது, ஏனென்றால் மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. மோட்டாரை இணைத்துத் தண்ணீர் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணறுகளில் பிளீச்சிங் பவுடரை மூட்டையிலிருந்து கையால் அள்ளிப் போடுவதை இன்னும் பார்க்க முடிகிறது. அதில் பாதி வீண். முதலில் கிணற்றின் கொள்ளளவு தெரிய வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் நீர் என்றால் 9.4 கன மீட்டர், அதாவது சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் 24 கிராம் போதும். வெள்ளநீர் கலந்திருந்தால் கூடுதலாகத் தேவைப்படும். கலங்கலாக இருந்தால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துபோகும் என்பதால் முதலில் இறைத்துவிட வேண்டும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும், வேறு பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தும் எதுவுமே காட்டாவிட்டால் பவுடர் செத்துப்போனது. வாய் பிரிந்த மூட்டையில் ஈரமும் வெளிச்சமும் பட்டு குளோரின் போய்விடுகிறது. சென்ற ஆண்டு மிச்சத்தை நம்பி இந்த ஆண்டு கையிருப்பு எழுதக் கூடாது.

வயல் பக்கம் பார்த்தால் வடிகால்களில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை வெட்டிக் கரையிலேயே போட்டால் அடுத்த மழை மதகு வாய்க்கு இழுத்துவந்து அடைத்துவிடும். கரையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் கடல் வற்றும் நேரம் பார்த்து வெட்டிவிட வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் வெட்டினால் உப்புநீர் சம்பா வயலுக்குள் வந்துவிடும். அந்த நேரத்தை ஊர் மீனவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: பதினைந்து நாளுக்குள் பிரசவ தேதி உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தினமும் இன்சுலின் போடுபவர்கள். முதல் இரு வகையினரை, சாலை திறந்திருக்கும்போதே, புயலுக்கு ஒரு நாள் முன்னால் மருத்துவமனை உள்ள ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தண்ணீர் ஏறினால் பாம்பு வீட்டுக்குள் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து குறைந்தது பத்துக் குப்பி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பி. தூளாக வரும் வகையை வாங்கி வைத்தால் ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் கெடாது.

சாலை திறந்ததும் உள்ளே வரும் முதல் வண்டி சாமான் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பக் கூடாது. யாரை ஏற்றி அனுப்புவது என்ற தாளை, பெயரும் தெருவும் எழுதி, அன்று காலையே பள்ளி வாசலில் கையில் வைத்திருக்க வேண்டும்.