இராசவள்ளியும் சீவிய ஐஸும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் கொழும்பில் காலை பதினொரு மணிக்குப் பிறகு வெளியே நடப்பது கடினம். கடற்காற்றுக்கூட வியர்வையை உலரவிடாது. அப்படியொரு சனிக்கிழமையில், எங்கள் வீட்டுக்கு அருகே கூடும் வாரச்சந்தையில், மரக்கறிக் கடைகள் முடிகின்ற மூலையில், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர் கைப்பிடி சுழற்றும் பொறியில் ஐஸ் சீவிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த அவருடைய கணவர் காசு வாங்கிப்போட, அவர் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பெரிய கோப்பை 350 ரூபாய், சிறியது 200 ரூபாய். ஒரு பலூடாவுக்கே இதைவிடக் கூடுதலாகக் கொடுத்துப் பழகிய எனக்கு அந்த விலை நம்பமுடியாததாக இருந்தது.

ஹாலோ ஹாலோ என்பது அந்தப் பண்டத்தின் பெயர். தகாலோக் மொழியில் 'ஹாலோ' என்றால் கலத்தல். முதலில் கோப்பையின் அடியில், சீனிப்பாகில் வேகவைத்த பயற்றினங்கள், வாழைப்பழத் துண்டுகள், சவ்வரிசி, கடற்பாசித் துண்டங்கள், பலாச்சுளைக் கீற்றுகள் ஆகியவை அடுக்கடுக்காக விழுகின்றன. பலாப்பழத்துக்கு அவர்களுடைய மொழியில் 'லங்கா' என்று பெயராம். நம் நாட்டின் பெயரை ஒரு பழத்தின் பெயராகக் கேட்டபோது மனம் நிறைந்தது. அவற்றோடு 'காவோங்' என்னும் ஒருவகைப் பனையின் பிஞ்சுக் கொட்டைகளையும் போட்டார். பார்வைக்கு நுங்கைப் போலவே கண்ணாடியாக மின்னினாலும், வாயில் வைத்தால் நுங்கைவிட இறுக்கமாக, கடிபடும் பதத்தில் இருக்கும்.

இவற்றின்மேல் குவியும் ஐஸ்தான் முழுப் பண்டத்தின் தரத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. உடைத்த ஐஸ் பற்களில் கரகரக்கும். பாலும் அதற்குள் இறங்காமல் வழிந்துவிடும். மெல்லிய தகடுகளாகச் சீவப்பட்ட ஐஸோ பஞ்சுபோல் பாலை உறிஞ்சிக்கொள்கிறது. அவர் ஊற்றுவது சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய ரின்பால் அன்று. இனிப்புச் சேர்க்காமல், நீரில் ஏறத்தாழ அறுபது வீதத்தை வற்றச்செய்து அடைத்த பால். அதனால்தான் ஐஸ் உருகி நீர் கலந்த பின்னரும் பாலின் சுவை மங்குவதில்லை. உச்சியில் நம்முடைய கரமல் புடிங்கை ஒத்த ஒரு துண்டும், வறுத்த அவலும், ஊதா நிறத்தில் ஒரு கரண்டிக் களியும் வைத்து, நீண்ட கரண்டியை என் கையில் தந்தார். நான் மேலிருந்து உண்ணத் தொடங்கியதும் கணவர் தடுத்து, "அப்படி இல்ல தங்கச்சி, அடியிலயிருந்து கிளறிக் கலந்து சாப்பிடுங்க" என்றார். கலந்த பிறகு ஒவ்வொரு வாயும் வேறுவேறாக இருந்தது.

மணிலாவின் கியாப்போ பகுதியில் 1902 ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையை நிறுவினார்கள். அதன் அருகிலிருந்த கிந்தா சந்தையில், இரண்டாம் உலகப்போருக்கு முன்பு, ஜப்பானியக் குடியேறிகள் சீவிய ஐஸோடு இனிப்புப் பயறும் பாலும் சேர்த்து விற்றதிலிருந்தே ஹாலோ ஹாலோ வளர்ந்தது என்பார்கள். இதனினும் எளிய பண்டம் 'மாயிஸ் கோன் யேலோ'. சோளமணிகள், சீனி, பால், ஐஸ் என்பவற்றுக்கு அப்பால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தையின் சிறிய கோப்பை அதுதான். பசியோடு வந்தால் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

அடுத்த கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துச் சென்றேன். அந்த ஊதாக் களியை மட்டும் தனியே எடுத்து நாவில் வைத்தவர், சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, இது எங்கட இராசவள்ளியெல்லோ?" என்றார். உண்மையிலேயே அதுதான். அவர்கள் 'ஊபே' என்று அழைப்பதும், நாங்கள் இராசவள்ளிக்கிழங்கு என்று அழைப்பதும் ஒரே இனக் கொடியின் கிழங்கு. அவர்கள் அதை அவித்து மசித்து, பாலும் சீனியும் வெண்ணெயும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறுகிறார்கள். அம்மா தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, இளக்கமாகவே இறக்கிவிடுவார். இரண்டு பெண்களும் நடுவில் கணவரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்திக்கொண்டு இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். வரிசையில் நின்ற எவரும் முகம் சுளிக்காதது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

திரும்பும் வழியில் அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் இறங்கி, விரல் நகத்தால் தோலைச் சுரண்டி நிறம் பார்த்து, இரண்டு கிழங்குகள் வாங்கினார். அடுத்த சனிக்கிழமை ஒரு சிறிய பாத்திரம் நிறைய இராசவள்ளிக் களி அந்தக் கடைக்குப் போயிற்று. அந்தப் பெண்மணி ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு?" என்று தமிழிலேயே வியந்து கேட்டார். அம்மா ஆமெனத் தலையசைத்தார். களி இளகியிருந்தபடியால் ஐஸின் உச்சியில் நிற்கவில்லை. ஆகவே அதை அவர் கோப்பையின் அடியில், பயறுக்கும் பலாச்சுளைக்கும் இடையே வைத்து, அதன்மேல் ஐஸைச் சீவத் தொடங்கினார்.