பாட்டியின் புடவையில் நீல முகம்

மறைந்தவர் உடுத்திய வெளிர் நிறப் பருத்திப் புடவையிலேயே அவர் முகத்தைப் பதிப்பது மனதை ஆற்றும் வேலை. அதற்கு 1842-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப், அதாவது வெயிலில் நீல நிறப் படம் பதிக்கும் முறை, போதும்.

100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். தனியாக 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. கையுறையோடு சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் பூசி, இருட்டில் காயவிடுங்கள். பழைய புகைப்படத்தின் நெகட்டிவை (வெளிச்சமும் நிழலும் தலைகீழான படத்தை) ஒளிபுகும் தாளில் அச்செடுத்து மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள்பச்சைப் பூச்சு சாம்பல் பூத்ததும் எடுத்து, மஞ்சள் நீர் நிற்கும்வரை அலசுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது துணியில் தங்கிய சோப்பும் சலவைச் சோடாவும்தான்: காரம் பட்டால் நீலம் வெளிறிவிடும். பிறகும் சோப்பில் துவைக்கவே வேண்டாம். படத்தில் கண் வரும் இடத்தருகே துணியில் சிறு சுருக்கம் இருந்தாலும் அவர் பார்வை மங்கிவிடும். அதனால் பூசுவதற்கு முன்பே இஸ்திரி போடுங்கள்.