மலையாற்றூரில் ஒரு வெள்ளிக்கிழமை

நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறி, அங்கமாலியில் இறங்கி, காலடி வழியாகக் கேரளத்து மலையாற்றூர் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இயேசுவின் சீடர் தோமையார் வந்து செபித்ததாகச் சொல்லப்படும் குரிசுமுடி மலைக்கு ஏற அடிவாரத்தில் பெருங்கூட்டம். சிலர் தோளில் ஆளுயர மரச்சிலுவை. "பொன்னின் குரிசு முத்தப்போ, பொன்மலை கயற்றம்" என்று ஒரு குழு ஆரம்பித்தால் மேலே இருட்டிலிருந்து இன்னொரு குழு பதில் சொல்கிறது.

பாதை முழுக்கக் கல்லும் பாறையும்தான். 14 சிலுவைப்பாதை நிலைகளிலும் நின்று செபித்துப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், ஐந்தாவது நிலைக்கு மேல் நான் நின்றது மூச்சு வாங்கத்தான்.

அங்கேதான் அந்த அம்மச்சியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, முண்டு, வெறுங்கால். வயது எழுபது தாண்டியிருக்கும். வியர்வை ஒழுகுகிறதே என்று நான் வாங்கிய சம்பாரத்தை, அதாவது மசாலா மோரை, நீட்டினேன். கையால் தடுத்து, "மோரும் பாலல்லே மோனே" என்றார். சேலை முந்தானை மாதிரி இடுப்பில் செருகியிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலில் கொண்டுவந்த சீரகத் தண்ணீரை இரண்டு மிடறு குடித்தார். அவ்வளவுதான், மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டார்.

அம்மச்சி மாதிரி சீரோ மலபார்காரர்களுடையது, அதாவது கேரளத்துச் சிரிய மரபுக் கத்தோலிக்கர்களுடையது, 'அம்பது நோம்பு', ஐம்பது நாள் நோன்பு. லத்தீன் சபைக் கத்தோலிக்கர்களான நாங்கள் தவக்காலத்தைச் சாம்பல் புதனில் தொடங்கினால், அவர்கள் இரண்டு நாள் முந்தித் திங்கட்கிழமையே நெற்றியில் சாம்பல் பூசிவிடுவார்கள். அதற்கு முந்தின ஞாயிறு 'பேத்துர்த்தா', இறைச்சிக்குக் கடைசி நாள். பழைய முறைப்படி இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாமே விலக்கு, ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு கிடையாது. எங்களுக்கோ ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 நாள் கணக்கே வரும்.

எங்கள் லத்தீன் சபைச் சட்டம் ரொம்ப இளகியது. ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும், அதுவும் 18 முதல் 59 வயது வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், 14 வயது முடிந்த எல்லோருக்கும். ஆனால் சுத்தபோசனத்தில் விலக்கு இறைச்சிக்குத்தான், மீனுக்கு இல்லை. கடற்கரை ஊர்க்காரனுக்கு இதைவிடச் சலுகை வேண்டுமா? கோழி ஆகாது என்று சொல்லி நெய்மீன் துண்டம் போட்டுக் குழம்பு வைப்போம். சட்டப்படி தப்பே இல்லை. இருந்தாலும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது கொஞ்சம் இடிக்கும்.

உச்சியில் பொன் சிலுவையைத் தொட்டு முத்தி செய்துவிட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அடிவாரக் கடையில் கஞ்சியும் சிறுபயறும் சாப்பிட்டு, கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அம்மா.

"மக்கா, ராத்திரி வந்துருவியா? நெய்மீன் வாங்கிப் போட்டிருக்கேன். புளிமுளம் வெச்சிரட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"புளி மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடும்மா."