சித்திரையில் அளந்த நிலம்

நில எடுப்புப் பிரிவில் நில அளவராக இருந்தவன் நான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நெடுஞ்சாலைக்கு இடம் எடுத்த காலத்தில் டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இதே சீனாவா இருந்தா இந்நேரம் பஸ் ஓடிட்டிருக்கும் சார்."

சொன்னவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. 1990 வாக்கில் தலைக்கு வருமானத்தில் நம்மோடு ஒட்டி நின்ற நாடு, இன்று நம்மைப் போல நான்கு மடங்குக்கு மேல். அங்கே அதிவேக ரயில் பாதை 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு நாம் அடிக்கல் நாட்டியது 2017-இல். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஆளாளுக்குப் பேச இடம் கொடுப்பதால்தான் நாம் பின்தங்கினோம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் கோப்புகள் எங்கே தேங்கின என்று எனக்குத் தெரியும். செட்டிநாட்டில் பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டா அதிகம். பட்டாவில் பெயர் உள்ளவர் காலமாகி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். வாரிசுச் சான்று, பவர் பத்திரம், கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு பங்காளி என்று மாதங்கள் ஓடும். ஆட்சேபணை சொல்ல தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் தருவதோ, நிலம் எடுக்கப் போகிறோம் என்று அரசு வெளியிடும் 3ஏ அறிவிப்பிலிருந்து வெறும் 21 நாள். சம்மதம் கேட்கும் சட்டமும் இல்லை அது. அந்த 21 நாளால் ஒரு சாலை நின்று நான் பார்த்ததில்லை. நிலம் கொடுக்கத் தயங்கும் மண்ணும் இல்லை இது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி.

ஆட்சேபணை கேட்கும் விசாரணைகளில் ஒன்று மறக்க முடியாதது. காதில் பாம்படம் ஆட, ஒரு அப்பத்தா மனுவைக்கூட நீட்டாமல் நேராகப் பேசினார்: "தம்பி, நீங்க சித்திரையில வந்து அளந்தீக. ஐப்பசியில வந்து நின்னு பாருங்க. ஊருணிக்கு வார தண்ணி பூரா அந்த வழியாத்தான் வரும். நீங்க மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டா நாங்க எதைக் குடிக்கிறது?" நில அளவை வரைபடமான புலப்படத்தில் அப்படி ஒரு ஓடையே கிடையாது. பட்டா நிலங்களின் மேலேயே மழைநீர் தாழ்வு பார்த்து ஓடிவரும் வரத்து அது. பொறியாளர்கள் மட்டம் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் ஒரு சிறு பாலம் சேர்க்கப்பட்டது. ஊருணியை நம்பிக் குடிதண்ணீர் எடுக்கும் ஊர்களில் இதைவிடப் பெரிய வளர்ச்சிப் பணி என்ன இருக்கிறது?

அந்த அப்பத்தாவைப் போல ஒருவர் வாய் திறக்க முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் 1959–61 பஞ்சமே சாட்சி. மேலிடத்துக்குப் பயந்து அதிகாரிகள் இல்லாத விளைச்சலை இருப்பதாக எழுதினார்கள். அந்தக் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. குறைந்த மதிப்பீட்டிலேயே ஒன்றரைக் கோடிப் பேர் செத்தார்கள். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் இப்படியொரு பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொன்னது இதை வைத்துத்தான். அன்றாடப் பட்டினியைப் போக்குவதில் இந்தியா சீனாவுக்குப் பின்னால் நின்றது என்றும் அவரே சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும்.

சீனாவின் எழுச்சி கட்டளையால் மட்டும் வந்தது என்பதும் தவறு. 1978-இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தை வீடுவாரியாகப் பிரித்துக்கொள்ள ரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். மாட்டினால் தண்டனை என்று தெரிந்தே செய்தார்கள். அடுத்த ஆண்டே விளைச்சல் பலமடங்கு பெருகியது. அரசு பிறகுதான் அதை ஏற்று நாடெங்கும் கொண்டுபோனது. உழுகிறவனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்ததும் தொடங்கிய வளர்ச்சி அது.

சீனாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்தப் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முன்பே அங்கே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும் வைத்தியரும் இருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் எழுத்தறிவில் அவர்கள் நம்மைவிட வெகுதூரம் முன்னே இருந்தார்கள். தொழிற்சாலை வந்தபோது வேலைக்கு ஆள் தயாராக இருந்தது. இதற்கு யார் வாயையும் அடைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மதிய உணவு ஓட்டுக் கேட்டு வந்த அரசுகளின் கையால்தானே வந்தது?

இப்போது நில எடுப்பில் இருக்கும் இளைய அளவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் போட்டால் சட்டப்படி போதும். நீங்கள் ஊரில் ஒலிபெருக்கியிலும் அறிவிக்கச் சொல்லுங்கள். விசாரணையை ஊர் மந்தையிலேயே வையுங்கள். கூட்டுப் பட்டா உள்ள புல எண்களுக்கு வாரிசு விவரத்தை 3ஏ வருவதற்கு முன்பே திரட்டத் தொடங்குங்கள். நாள்கள் வீணாவது அங்கேதான்.