ஃபைனல் இயர் முடிக்கப்போற நம்ம ஊர் பசங்களுக்கு

மார்ச் மாசம் வந்தாலே எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும், "அக்கா, டிகிரி முடியப்போகுது, அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல"ன்னு. சொந்த ஊரு பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர்ல ஒரு கம்பெனில ஹெச்ஆர், அதனால சொந்தக்கார பசங்க, பக்கத்து வீட்டு பசங்கன்னு யாராவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. தனித்தனியா சொல்றதை இங்கயே எழுதிடறேன்.

தெரியலன்னு சொல்றதுல தப்பே இல்ல. கவுன்சிலிங்ல பிசிக்ஸ் கெடச்சுது, பிசிக்ஸ் படிச்சேன்னு சொல்ற புள்ளைங்கதான் நம்ம பக்கம் நெறைய. அந்த புள்ளைய மூணாவது வருஷ கடைசில நிறுத்தி வெச்சு நீ என்னவா ஆகப்போறேன்னு கேட்டா அது என்னன்னு சொல்லும்? ஆயுசுக்கும் சேர்த்து இப்பவே முடிவு பண்ண வேணாம், அடுத்த ரெண்டு வருஷம் எங்க இருப்பீங்க, என்ன கத்துக்குவீங்க, செலவுக்கு காசு எங்கேர்ந்து வரும், இதை மட்டும் வீட்ல உக்காந்து பேசுங்க.

நம்ம ஊர்ல இந்த கேள்விக்கு ரெடியா ஒரு பதில் இருக்கு, "குரூப் ஃபோருக்கு படிக்கிறேன்", அதாவது டிஎன்பிஎஸ்சி நடத்துற கவர்மென்ட் வேலை பரீட்சைக்கு. நெஜமாவே படிக்கிறவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. 200 கேள்வில 100 தமிழ்தான், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பசங்களுக்கு அது பெரிய பலம், ஆனா அந்த தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதி பேப்பரையே திருத்த மாட்டாங்க, இதுகூட தெரியாம வருஷக்கணக்கா ஜி.கே. புக்கையே மனப்பாடம் பண்றவங்கள பாத்திருக்கேன். மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்லயே ஃப்ரீ கோச்சிங் நடத்துறாங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி அங்க போய் கேளுங்க. எத்தன அட்டெம்ப்ட் எழுதுவேன், அதுக்கப்பறம் என்னன்னு ஆரம்பிக்கும்போதே அப்பா அம்மாகிட்ட சொல்லிடுங்க. அப்படி சொல்லாம இந்த வருஷம் வந்துடும் அடுத்த வருஷம் வந்துடும்னு போய், 27 வயசுல எங்க இன்டர்வியூக்கு வந்து உக்காருவாங்க, இத்தன வருஷமா என்ன பண்ணீங்கன்னு மேனேஜர் கேப்பாரு, அந்த பையன் தலைய குனிஞ்சுக்கிட்டு ரெஸ்யூமேவோட முனைய மடிச்சுக்கிட்டே இருப்பான், எனக்கு மனசே கேக்காது.

அடுத்தது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனி வேலை. கேட்டுல இருக்கற பேர மட்டும் பாத்துட்டு சேராதீங்க, வேலைக்கு குடுக்கற ஆர்டர்ல யாரு பேரு இருக்குன்னு பாருங்க, கம்பெனியா கான்ட்ராக்டரா. மொத சம்பளம் வந்ததும் பே ஸ்லிப் கேளுங்க, பேசிக்ல 12 சதவீதம் பி.எஃப்., சம்பளம் 21,000-க்குள்ளன்னா 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. (மருத்துவ இன்ஷூரன்ஸ்) புடிச்சிருக்காங்களான்னு பாருங்க, அதுல யுஏஎன் நம்பர், அதாவது உங்க பி.எஃப். நம்பர், இல்லன்னா உடனே கேளுங்க. வேலை வாங்கித் தரேன்னு கன்சல்டன்சில காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, அவ்ளோதான்.

எந்த வேலை ஒத்து வரும்னே புரியலன்னா அப்ரென்டிஸ் நல்ல வழி. நாட்ஸ்ங்கற சென்ட்ரல் கவர்மென்ட் அப்ரென்டிஸ் போர்ட்டல்ல பி.ஏ., பி.காம். முடிச்சவங்களும் ரிஜிஸ்டர் பண்ணலாம், ஒரு வருஷம், மாசா மாசம் உதவித்தொகை வரும். முடிச்சதும் அதே கம்பெனில வேலை குடுக்கணும்னு கட்டாயம் கெடையாது, ஆனா ஷிஃப்ட்னா என்ன, ஸ்டோர்ஸ்ல என்ன நடக்குது, அக்கவுன்ட்ஸ்ல என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்துடுவீங்க, நமக்கு இது வேணாம்னு தெரிஞ்சாக்கூட அது லாபம்தான்.

பொண்ணுங்களுக்கு மட்டும் ஒன்னு சொல்லணும். உங்களுக்கு ரெண்டு வருஷம் யாரும் சும்மா குடுக்க மாட்டாங்க, ரிசல்ட் வந்த கையோட ஜாதகத்தை எடுத்துடுவாங்க. "யோசிச்சுட்டு இருக்கேன்"னு சொன்னா வீட்ல எடுபடாது பாப்பா, கையில ஒரு பேப்பர் இருக்கணும். எம்.சி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு, எம்.எஸ்சி.க்கு சேலம் பெரியார் யுனிவர்சிட்டி, இல்ல அப்ரென்டிஸ் ஆர்டர், எதுவா இருந்தாலும் கடைசி செமஸ்டர்லயே அப்ளிகேஷன் போட்டு வைங்க, அட்மிஷன் லெட்டரை காட்டி பேசினா அப்பாங்க எறங்கி வர்றதை நெறைய வீட்ல பாத்திருக்கேன், கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வருதுன்னு சொன்னா இன்னும் கொஞ்சம் எறங்கி வருவாங்க.

அப்பறம் தமிழ் மீடியத்துல படிச்சவங்க எல்லாரும் பிஎஸ்டிஎம் சர்டிபிகேட் (தமிழ் மீடியத்துல படிச்சேன்னு ஸ்கூல்ல, காலேஜ்ல குடுக்கறது) வாங்கிடுங்க, கவர்மென்ட் வேலைல 20 சதவீதம் இடம் உங்களுக்குன்னே இருக்கு. ஒன்னாவதுலேர்ந்தே தமிழ் மீடியம்னு காட்டணும், குரூப் ஃபோருக்கு பத்தாவது வரைக்கும் போதும், குரூப் டூவுக்கு டிகிரியும் தமிழ்லயே படிச்சிருக்கணும். ஒன்னாவது ஒரு ஸ்கூல், ஆறாவது இன்னொரு ஸ்கூல்னா ரெண்டு எச்.எம்.கிட்டயும் கையெழுத்து வாங்கணும், நோட்டிஃபிகேஷன் வந்தப்பறம் ஓடினா நாள் பத்தாது, அதனால ஸ்கூல் லீவு விடறதுக்குள்ள ஏப்ரல்லயே போய் வாங்கிடுங்க.