ஃபோயா மனு: முதல் கடிதத்திலிருந்து ஃபெடரல் கோர்ட் வரை

அமெரிக்க மத்திய அரசின் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்க இருக்கும் வழி தகவல் சுதந்திரச் சட்டம். அங்கே எல்லோரும் ஃபோயா என்றுதான் சொல்கிறார்கள். 1966 ஜூலை 4 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. ஆனால் அதற்கு வலு வந்தது 1974-ல்தான். அந்த ஆண்டுத் திருத்தத்தை அதிபர் ஜெரால்டு ஃபோர்டு வீட்டோ செய்தார். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவரை மீறி நிறைவேற்றியது. அரசு மறைக்கும் பக்கங்களை நீதிபதி தன் அறையில் வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்பது அப்போது உறுதியானது.

துறை பதில் தர சட்டத்தில் கெடு 20 வேலை நாள். நடைமுறையில் மாதக்கணக்கு, சில துறைகளில் வருடக்கணக்கு. மனுப் போட்டு, அதே துறையிடமே மேல்முறையீடு செய்து, கோர்ட் வரை போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முதல் கடிதத்தை அதிகாரிக்காக எழுதாதீர்கள், என்றைக்காவது இதை ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். வழக்கு என்று வந்தால் முதல் இணைப்பாகப் போவது அந்தக் கடிதம்தான். அதில் கேட்காததை வழக்கில் கேட்க முடியாது.

முதலில், யாரிடம் கேட்கலாம் என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபோயா நிர்வாகத் துறைகளுக்கு மட்டும்தான். காங்கிரஸுக்குப் பொருந்தாது, ஃபெடரல் கோர்ட்டுகள் என்ற மத்திய அரசு நீதிமன்றங்களுக்கும் பொருந்தாது. கோர்ட் ஆவணங்களுக்கு பேசர் என்ற தளம் தனியாக இருக்கிறது: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு உச்சவரம்பு 3 டாலர், மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. மாநில அரசு, மாநகராட்சி, உள்ளூர் போலீஸ் ஆகியவற்றுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்.

வெள்ளை மாளிகை விஷயம் இன்னும் சிக்கல். அதிபருக்கும் அவருடைய நெருங்கிய ஆலோசகர்களுக்கும் ஃபோயா இல்லை. தேசியப் பாதுகாப்பு கவுன்சிலும் இல்லை என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. ஆனால் அதே அதிபர் அலுவலகக் குடையின் கீழ் இருக்கும் பட்ஜெட் அலுவலகத்திடம் கேட்கலாம். வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு துறைக்குப் போன மின்னஞ்சலைத் தேடுகிறீர்கள் என்றால், மனுவை அதை வாங்கிய துறைக்கு அனுப்புங்கள். அங்கே அது துறையின் ஆவணமாகக் கருதப்படும் வாய்ப்பு அதிகம். இதற்கும் விதிவிலக்கு உண்டு: வெள்ளை மாளிகைக்கு வந்துபோனவர்களின் பதிவேடு அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ் கையில் இருந்தாலும், அதிபர் அலுவலகத்துக்கு வந்தவர்களைப் பற்றிய பகுதி துறையின் ஆவணம் ஆகாது என்று 2013-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிபரின் அலுவல் ஆவணங்களுக்கு 1978-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதவி முடிந்து 5 ஆண்டு கழித்துத்தான் கேட்க முடியும். சில வகைகளை 12 ஆண்டு வரை மூடி வைக்கலாம். ஒபாமா கால ஆவணங்களைக் கேட்கும் கதவு 2022 ஜனவரியில்தான் திறந்தது.

சரியான துறை தெரிந்துவிட்டால் அதற்குள் சரியான பிரிவைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அலுவலகம் கிடையாது. ஃபோயா டாட் கவ் தளம் மனுவை அனுப்பித்தான் வைக்கும், தேடித் தராது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே குடிவரவுச் சேவைக்கு ஒன்று, எல்லைக் காவலுக்கு ஒன்று, நாடுகடத்தும் பிரிவுக்கு ஒன்று என்று தனித்தனி அலுவலகங்கள். தவறான பிரிவுக்குப் போன மனு சரியான மேசைக்கு வந்து சேரும்வரை, அதிகபட்சம் 10 வேலை நாள், கெடுவின் கடிகாரம் ஓடாது.

இனி கடிதம். அதற்கென்று கட்டாய படிவம் இல்லை. பல துறைகளுக்கு வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். ஆனால் கேட்பது என்ன என்பதை, அந்தத் துறையைப் பற்றித் தெரிந்த ஊழியர் அதிகச் சிரமமில்லாமல் கண்டுபிடிக்கும் அளவுக்கு விவரிக்க வேண்டும். "இந்தத் திட்டம் குறித்த எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால், மனு விரிவாக இருக்கிறது, சுருக்குங்கள் என்று கடிதம் வரும், கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பதிலாக நாலு விஷயத்தைக் கட்டிப் போடுங்கள்: யாருடைய ஆவணம் (பதவிப் பெயர் போதும்), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தச் சொற்களைக் கொண்டு தேட வேண்டும், எந்த வகை ஆவணம். மின்னஞ்சல் வேண்டுமென்றால் "இணைப்புகளுடன்" என்று சேர்த்து எழுதுங்கள். கேள்வி கேட்காதீர்கள். "ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள்" என்பதற்குப் பதில் சொல்லும் கடமை துறைக்கு இல்லை, இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. புதிதாக ஓர் அறிக்கை தயாரித்துத் தரவும் வேண்டியதில்லை.

கட்டணப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் முதல் தாமதம் நுழைகிறது. வணிக நோக்கம் இல்லாத சாதாரண மனுதாரருக்கு முதல் 2 மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கமும் இலவசம். பத்திரிகையாளர், கல்வி நிறுவனம் என்றால் தேடலுக்குக் கட்டணமே கிடையாது, 100 பக்கத்துக்கு மேல் நகலுக்கு மட்டும்தான். நீங்கள் எந்த வகை, எவ்வளவு வரை கட்டச் சம்மதம் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். 25 டாலர் வரை என்று எழுதுவது வழக்கம். அது இல்லையென்றால் பணம் பற்றிக் கேட்டு ஒரு கடிதம் வரும், பதில் போகும்வரை கடிகாரம் நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் பலருக்கு ஃபோயா அறிமுகமாவது சொந்தக் குடிவரவுக் கோப்பு, அதாவது ஏ-ஃபைல் வழியாகத்தான். கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பத்துக்கு முன்னால், பழைய மனுக்களில் என்ன எழுதியிருந்தோம் என்று பார்த்துக்கொள்வது மிகவும் நல்லது. அடையாள உறுதிமொழிக்கு நோட்டரி தேவையில்லை. "பொய்யானால் தண்டனைக்குட்பட்டு" என்று ஃபெடரல் சட்டம் சொல்லும் வாசகத்தோடு கையெழுத்திட்டால் போதும். நாட்டுக்குள் வந்த, வெளியேறிய பதிவுகளை எல்லைக் காவல் பிரிவிடம் தனியாகக் கேளுங்கள். வெளியுறவுத் துறையிடம் விசா மறுப்புக் குறிப்பைக் கேட்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது: குடிவரவுச் சட்டத்தின் 222(எஃப்) பிரிவு விசா ஆவணங்களை ரகசியமாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தாள்கள் திரும்பக் கிடைக்கும், அதிகாரி எழுதிய குறிப்பு கிடைக்காது. இன்னொருவரின் கோப்பு என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதமோ, அவர் இறந்ததற்கான சான்றோ இணைக்காமல் அனுப்புவது வீண்.

மனு போய்ச் சேர்ந்ததும் ஓர் எண் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் அதுதான் ஆதாரம். "அசாதாரணச் சூழ்நிலை" என்று எழுதிக் கொடுத்து துறை இன்னும் 10 வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம். "மனு கிடைத்தது, வரிசையில் இருக்கிறது" என்ற கடிதம் சட்டப்படி பதில் ஆகாது. ஆவணங்களைத் திரட்டிப் பார்த்து, எதைத் தருவோம், எதை ஏன் மறுப்போம் என்று சொன்னால்தான் அது முடிவு என்று 2013-ல் ஒரு வழக்கில் நிலைநாட்டப்பட்டது. இந்தியாவின் ஆர்டிஐ சட்டத்தில் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் உண்டு. ஃபோயாவில் அப்படி இல்லை. கெடு தாண்டினால் துறைக்கு நேரும் இழப்பு இரண்டுதான்: பெரும்பாலான மனுக்களில் தேடல் கட்டணம் கேட்க முடியாது, மனுதாரர் மேல்முறையீடு இல்லாமலே கோர்ட்டுக்குப் போகலாம்.

அந்த இரண்டாவதில் ஒரு கண்ணி இருக்கிறது. கெடு தாண்டியும் நீங்கள் வழக்குப் போடாமல் காத்திருந்து, அதற்குள் தாமதமாகவாவது பதில் வந்துவிட்டால் நேரடி வழக்குக்கான கதவு மூடிவிடும். மறுபடி மேல்முறையீடு செய்துவிட்டுத்தான் வர வேண்டும். 1990-லிருந்து வாஷிங்டன் கோர்ட்டுகள் இதில் கறாராக இருக்கின்றன.

பதில் வரும்போது பக்கங்களில் கறுப்புக் கட்டங்கள் இருக்கும், ஓரத்தில் விலக்கு எண் இருக்கும். மொத்தம் ஒன்பது விலக்குகள். முதலாவது தேசப் பாதுகாப்பு, நான்காவது வணிக ரகசியம், ஆறாவது தனிநபர் அந்தரங்கம், ஏழாவது சட்ட அமலாக்கம். எண்ணெய்க் கிணறுகளின் நிலவியல் விவரத்துக்கென்றே ஒன்பதாவது ஒன்று இருக்கிறது. அதிகம் தொல்லை கொடுப்பது ஐந்தாவது: முடிவெடுக்கும் முன் அதிகாரிகள் தங்களுக்குள் செய்த விவாதம். வரைவு என்று பெயர் இருந்தாலே மறைத்துவிடுவார்கள். இதை எதிர்க்க நல்ல பிடிகள் உண்டு. முடிவு எடுத்த பிறகு எழுதிய விளக்கம் இதில் வராது. வெறும் தகவல் பகுதியைப் பிரித்துத் தர வேண்டும். 25 ஆண்டுக்கு முந்தைய விவாத ஆவணத்துக்கு இந்தக் காரணம் செல்லாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, வெளியிட்டால் என்ன தீங்கு வரும் என்பதையும் துறை முன்கூட்டிக் காட்ட வேண்டும்.

"ஆவணம் எதுவும் இல்லை" என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டாம். எந்தப் பிரிவில், எந்தச் சொல்லால் தேடினார்கள், மின்னஞ்சலைத் தேடினார்களா என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். அப்படி ஓர் ஆவணம் இருக்கிறதென்றும் சொல்ல மாட்டோம், இல்லையென்றும் சொல்ல மாட்டோம் என்ற பதிலுக்கு குளோமார் என்று பெயர். 1970-களில் சிஐஏ தொடர்புடைய குளோமார் எக்ஸ்ப்ளோரர் கப்பல் பற்றிய மனுவிலிருந்து வந்த பெயர் அது. அதே விஷயத்தை அந்தத் துறை ஏற்கெனவே பகிரங்கமாக ஒப்புக்கொண்ட சான்று இருந்தால் குளோமாரை உடைக்கலாம்.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, குறைந்தது 90 நாள் அவகாசம். ஒவ்வொரு மறுப்பையும் தனித்தனியாக எதிர்த்து எழுதுங்கள், தேடல் போதாமையையும் சேர்த்து. இங்கே எழுப்பாத குறையைக் கோர்ட்டில் எழுப்பினால் அரசு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓஜிஸ் என்ற சமரச அலுவலகம் இருக்கிறது. உதவுவார்கள், ஆனால் அவர்களிடம் போனதால் 90 நாள் கெடு நிற்காது.

அடுத்தது ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் போடலாம், ஆவணம் இருக்கும் இடத்தில் போடலாம், வாஷிங்டனில் எப்போதும் போடலாம். வக்கீல் இல்லாமலும் போடலாம். கட்டணம் 405 டாலர். வசதி இல்லாதவர் விலக்குக் கேட்கலாம். பிரதிவாதி துறைதான், அதிகாரியின் பெயரைப் போடாதீர்கள். புகார் மனு நாலைந்து பக்கம் போதும்: என்றைக்குக் கேட்டேன், என்றைக்குக் கெடு முடிந்தது, என்ன பதில் வந்தது.

சொந்தமாக வழக்குப் போடுபவர்கள் அதிகம் சறுக்குவது சம்மன் சேர்ப்பதில். அரசுக்கு எதிரான வழக்கில் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: அந்த மாவட்டத்துக்கான மத்திய அரசு வக்கீல் (யு.எஸ். அட்டார்னி) அலுவலகம், வாஷிங்டனில் அட்டார்னி ஜெனரல், வழக்கில் உள்ள துறை. மூன்றையும் ரெஜிஸ்டர்டு அல்லது சர்டிஃபைட் தபாலில் அனுப்பலாம். கோர்ட் கிளார்க் முத்திரையிட்ட சம்மன், புகாரின் நகல் இரண்டும் உறையில் இருக்க வேண்டும். வழக்குப் போட்டவரே சம்மனைச் சேர்ப்பிக்கக் கூடாது. 18 வயது நிரம்பிய வேறொருவர் தபாலில் போட்டு, போட்டதாகக் கையெழுத்திட வேண்டும். இதற்கெல்லாம் 90 நாள்தான். சேர்ந்தபின் அரசு 30 நாளில் பதில் தர வேண்டும். மற்ற வழக்குகளில் அதற்கு 60 நாள் உண்டு.

பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் தாள்கள் நகரத் தொடங்குகின்றன. அரசு வக்கீலும் நீங்களும் சேர்ந்து நிலை அறிக்கை தாக்கல் செய்ய நீதிபதி உத்தரவிடுவார். மாதத்துக்கு இத்தனை பக்கம் என்று ஒரு அட்டவணை வரும். எஃப்பிஐ பொதுவாக மாதம் 500 பக்கத்துக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. 10,000 பக்கம் கேட்டவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தேதி வரம்பை ஏன் குறுக்க வேண்டும் என்பது புரியும். மறைத்த பகுதிகளுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் காட்டும் பட்டியலைக் கேளுங்கள். 1973 வழக்கு ஒன்றின் பெயரால் வான் இண்டெக்ஸ் என்பார்கள். மறைத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுடையது. துறை சொன்னதற்குத் தலையாட்டாமல் நீதிபதி புதிதாக ஆராய்வார்.

கடைசித் தவணை வந்ததும், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று அரசு வக்கீலிடமிருந்து ஒரு வரைவு வரும். எல்லாப் பக்கங்களையும் படித்து, தேடலிலும் மறைப்பிலும் குறை இல்லை என்று உறுதியான பிறகே கையெழுத்திடுங்கள். வக்கீல் அல்லாதவர் தானே வாதாடினால் வக்கீல் கட்டணம் கிடைக்காது. வழக்கால்தான் ஆவணம் வந்தது என்றால் 405 டாலர் கோர்ட் செலவைக் கேட்கலாம், கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். தீர்ப்பு எதிராகப் போனால், அரசு ஒரு தரப்பாக இருப்பதால் அப்பீல் அறிவிப்புக்கு 60 நாள் உண்டு.