வெடி போடாத ஊர்

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது எங்கள் கொள்ளுகுடிப்பட்டி. ஊர்ப் பேரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்றால், "ஓ, தீபாவளிக்கு வெடி போடாத ஊரா?" என்பார்கள். அதே ஊர்தான்.

பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் சரணாலயம் ஆக்கினார்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான்.

மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறியதும் பறவைகள் வர ஆரம்பிக்கும். உண்ணிக்கொக்கு, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த நத்தைகுத்தி நாரை. அதன் அலகைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். வாயை மூடியிருந்தாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி, நத்தையைப் பிடித்து, ஓட்டை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உருவித் தின்னும்.

தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடு. நான்கு சுள்ளியை அடுக்கிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சரம் வெடித்தால் மரத்திலிருக்கிற மொத்தக் கூட்டமும் பதறி எழும்பும். அந்த அவசரத்தில் முட்டை உருளும், குஞ்சு தண்ணீரில் விழும், மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். தீபாவளி வருவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்.

சின்ன வயதில் ஏன் வெடி இல்லை என்று கேட்டதற்கு எங்கள் அப்பத்தா, "பிள்ள பெத்தவ படுத்திருக்கிற வீட்டு வாசல்ல எவனாச்சும் வெடி போடுவானா?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தீபாவளி என்றில்லை, கோயில் திருவிழா, கல்யாணம், துட்டி எதற்கும் எங்கள் ஊரில் வெடி கிடையாது.

"பிள்ளைகள் பாவம்" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லி, கறிக்குழம்பு எல்லாம் உண்டு. வனத்துறையிலிருந்து இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

எங்கள் கவலையெல்லாம் மழைதான். கண்மாய் நிறையாத வருடம் பறவை இறங்காது, ஊரே களையிழந்து கிடக்கும்.

பார்க்க வருகிறவர்கள் நல்ல மழை பெய்த வருடமாகப் பார்த்து, கார்த்திகை மார்கழியில் வாருங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் வந்தால் நல்லது. வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டுக் கரைமேல் நடந்து வாருங்கள். ஹாரன் மட்டும் வேண்டாம்.